உறைந்த ஏரியில் ஹீட்டர் மக்கர் செய்தால்: சிலிண்டரிலிருந்து சுடர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டாவில் மில் லாக்ஸ், அப்பர் ரெட் லேக், லேக் ஆஃப் தி வுட்ஸ் மாதிரி ஏரிகள் நன்றாக உறைந்ததும் பனிக்கட்டியின் மேலேயே ஒரு ஊர் எழும்பிவிடும். துணிக் கூடாரம், பலகைக் குடில், கட்டிலும் அடுப்பும் வைத்து வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் சக்கர வீடு என்று அவரவர் வசதிக்கு ஒன்று. தரையில் துளை, துளைக்குள் தூண்டில், பக்கத்தில் புரொப்பேன் ஹீட்டர். வெளியே மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் காற்று அறைந்துகொண்டிருக்க, உள்ளே சாதாரண சட்டையோடு உட்கார்ந்து வால்ஐ மீனுக்குக் காத்திருக்க முடிகிறதென்றால் அதற்கு அந்த ஹீட்டர்தான் காரணம். எனவே அது நடுராத்திரியில் அணைந்தால் பதற்றம் வருவது இயல்பு.

பதற்றத்தில் எல்லோரும் செய்வது, ஹீட்டரின் மூடியைக் கழற்றுவது. அங்கே பெரும்பாலும் பழுது இருக்காது. வாயு சரியாக வரவில்லை, காற்று போதவில்லை, பேட்டரியில் கரண்டு போதவில்லை: குளிரில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அதனால் வாயு வரும் வழியே நாமும் போவதுதான் சரியான முறை. வெளியே சிலிண்டரில் தொடங்கி, வால்வு, ரெகுலேட்டர், ஹோஸ், பைலட் (பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடர்), பர்னர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே வரவேண்டும். ஹீட்டரை அதற்கப்புறம் பிரிக்கலாம்.

முதலில் ஆட்களைப் பாருங்கள்

உள்ளே யாருக்காவது தலைவலி, குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் இருந்தால் ஹீட்டரைப் பற்றிய பேச்சே வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே போய்விட்டு, அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் குளிர் என்றோ, பயணக் களைப்பு என்றோ, குடித்த பீர் என்றோ சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

"அலாரம் அடிக்கவில்லையே" என்று ஒருவர் சொல்வார். வீட்டு உபயோகக் கார்பன் மோனாக்சைடு அலாரங்களுக்கான அமெரிக்கத் தர விதிப்படி, 70 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் அது ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடித்தால் போதும். 400 பி.பி.எம். என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். அதாவது அலாரம் அமைதியாக இருப்பது காற்று சுத்தமாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது. போதாததற்குச் சாதாரண வீட்டு அலாரங்கள் பலவும் 4 டிகிரி செல்சியஸுக்கு மேலே வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. வாரம் முழுக்க உறைந்து கிடந்த குடிலில் அதை நம்புவது கஷ்டம். ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகளுக்கென்று விற்கும் அலாரமாகப் பார்த்து வாங்குங்கள்.

வாயுக் கசிவின் மணம் வந்தால் விதி வேறு. சுவிட்சைத் தொடாதீர்கள், லைட்டரை எடுக்காதீர்கள். வெளியே போய் சிலிண்டரை மூடுங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து கட்டிலுக்கு அடியில் தேங்கும். நின்றுகொண்டு மோந்து பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. காற்றில் இரண்டு சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே பற்றிக்கொள்ள அது போதும்.

உங்களிடம் இருப்பது எந்த ரகம்?

மூன்று ரகம் உண்டு. ஒன்று, ஒரு பவுண்டுக் குப்பியை நேரடியாகத் திருகி மாட்டும் கையடக்க ஹீட்டர். மிஸ்டர் ஹீட்டர் நிறுவனத்தின் 'படி' (Buddy) இதில் பிரபலம். அறைக் காற்றிலேயே எரிந்து, புகையையும் அறைக்குள்ளேயே விடும். இரண்டு, சுவரில் பொருத்திய வென்ட் ஹீட்டர். காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே தள்ளும், பலவற்றுக்குக் கரண்டே தேவையில்லை. மூன்று, சக்கர வீடுகளில் இருக்கும் ஃபர்னஸ். 12 வோல்ட் பேட்டரியில் மின்விசிறி ஓடினால்தான் அது எரியும்.

சிலிண்டரின் தலையிலேயே மாட்டும் தட்டு ஹீட்டர்கள் கட்டுமான இடங்களுக்கும் திறந்த வெளிக்கும் ஆனவை. அதைக் குடிலுக்குள் வைத்திருந்தால் சரிசெய்ய வேண்டாம், வெளியே எடுத்துவிடுங்கள்.

சிலிண்டர்: வாயு இருக்கிறது, வர மறுக்கிறது

நம்மூர் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேனின் கொதிநிலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி. சென்னைக்கு அது பிரச்சினையே இல்லை. மினசோட்டா ஜனவரியில் பியூட்டேன் வெறும் திரவமாகக் கிடக்கும். அதனால்தான் அங்கே ஹீட்டருக்குப் புரொப்பேன். கேம்பிங் அடுப்புக்கான பியூட்டேன் குப்பியை அவசரத்துக்கு உதவும் என்று எடுத்துப்போனால் பையில் கனம்தான் மிச்சம்.

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். சிலிண்டருக்குள் அது திரவம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தத்தால்தான் வெளியே வருகிறது. 21 டிகிரி வெயிலில் உள்ளே சுமார் 110 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்கும். மைனஸ் 18இல் அது சுமார் 24. மைனஸ் 29இல் வெறும் 11. சிலிண்டர் நிறைய இருந்தாலும் இதுதான் கணக்கு. 1996 பிப்ரவரி 2ஆம் தேதி, வெர்மில்லியன் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் டவர் என்ற ஊரில் மைனஸ் 51 டிகிரி பதிவானது. மினசோட்டாவின் குளிர்ச் சாதனை இன்றும் அதுதான். அந்தக் குளிரில் வெளியே கிடந்த புரொப்பேன் கொதிநிலைக்கும் கீழே இருந்திருக்கும். திறந்தாலும் வாயு வெளியே வர வழியில்லை.

மைனஸ் 20இல் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்கிறது. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் சிலிண்டர் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோய், அழுத்தம் இன்னும் இறங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்: சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பனி பூத்து, மேல்பகுதி சுத்தமாக, இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது மாதிரி இருக்கும். அந்தக் கோடுதான் திரவம் நிற்கும் மட்டம். கோடு அடியோடு அடியாக இருந்தால், ஆவியாவதற்கான பரப்பும் குறைவு. முழுச் சிலிண்டரில் நன்றாக எரிந்த ஹீட்டர், கால்வாசி மிச்சமிருக்கும்போது விடிகாலையில் நொண்டியடிப்பது இதனால்தான்.

இதற்கு என்ன செய்யலாம்? நிறைந்த சிலிண்டருக்கு மாறுங்கள். மாற்று இல்லையென்றால் ஹீட்டரைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். சிலிண்டரின் மேல் குவிந்த பனியைத் தட்டிவிடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் 20 பவுண்டுக்குப் பதில் 30 அல்லது 40 பவுண்டு சிலிண்டர் வாங்குவதே நிரந்தரத் தீர்வு.

கம்பளி போர்த்திவிடுவது பலருடைய யோசனை. அதில் பயனில்லை. சிலிண்டருக்குள் சூடு எதுவும் உண்டாகவில்லையே. வெளிக்காற்றிலிருந்து அது இழுத்துக்கொள்ளும் கொஞ்சநஞ்ச சூட்டையும் கம்பளி தடுத்துவிடும். சிலிண்டருக்கென்றே செய்த மின்சாரப் போர்வை வேறு விஷயம். ஊதுவிளக்கால் சூடு காட்டுவது, 20 பவுண்டு சிலிண்டரை உள்ளே கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துக்கொள்வது இரண்டையும் செய்யவே கூடாது. குளிர்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்த கசிவு, சூடேறியதும் அறைக்குள் திறந்துகொள்ளும்.

அப்புறம், எவ்வளவு மிச்சம் என்பதைச் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து ஊகிக்க வேண்டாம். கழுத்துப் பட்டையில் வெற்றுச் சிலிண்டரின் எடை பொறித்திருக்கும். 20 பவுண்டு ரகத்துக்கு அது 17 பவுண்டையொட்டி இருக்கும். தராசில் தொங்கவிட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு புரொப்பேன் சுமார் 21,500 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். அப்படியானால் முழு 20 பவுண்டு, மணிக்கு 20,000 பிடியூ ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடினால் ஏறக்குறைய 21 மணி நேரம். ஒரு பவுண்டுக் குப்பி, 9,000 பிடியூ வேகத்தில் இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. 4,000இல் வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலே. ராத்திரி முழுக்கத் தூங்கலாம் என்று ஒற்றைக் குப்பியோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்கவேண்டும். ஏரி மேல் சறுக்கு வண்டியில் குலுங்கி வந்ததில் சாய்ந்துவிட்டால், ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். நிமிர்த்திக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அப்புறம் திறங்கள்.

வால்வை எப்படித் திறந்தீர்கள்?

சிலிண்டர் நிறைய இருக்கிறது, எடையும் சரி, ஆனால் சுடர் மட்டும் பலவீனமாக, மெழுகுவர்த்தி அளவுக்கு எரிகிறது. இந்த அறிகுறியைப் பார்த்ததும் ரெகுலேட்டரைத் திட்டாதீர்கள். கையால் திருகும் பெரிய பிளாஸ்டிக் நட்டு உள்ள இணைப்புகளில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. திடீரென்று வாயு வேகமாகப் பாய்ந்தால், ஹோஸ் அறுந்துவிட்டது என்று நினைத்து அது வழியை அடைத்து, துளியளவு மட்டும் விடும். ஹீட்டரின் குமிழ் திறந்திருக்க, குளிரில் விறைத்த கையால் சிலிண்டர் வால்வை வெடுக்கென்று திருப்பினால் அப்படித்தான் ஆகும்.

விடுவிக்கும் முறை: ஹீட்டர் குமிழை மூடுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். பிளாஸ்டிக் நட்டைக் கழற்றி, ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். திரும்ப மாட்டிக் கையாலேயே இறுக்குங்கள், ஸ்பேனர் தேவையில்லை. இப்போது வால்வை மெதுவாக, கால் சுற்று, நிறுத்தி, அப்புறம் மீதி. கடைசியாக ஹீட்டரைத் திறங்கள். சுடர் பழையபடி எழுந்தால் கோளாறு முடிந்தது.

பித்தளை நட்டு உள்ள பழைய ரக இணைப்பென்றால் அதன் மரை தலைகீழ்: கழற்ற வலப்பக்கம், இறுக்க இடப்பக்கம். இருட்டில் இதை மறந்து, கழற்றுவதாக நினைத்து மேலும் மேலும் இறுக்குகிறவர்கள் உண்டு.

ரெகுலேட்டர் உறைவது

சிலிண்டரின் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், ரெகுலேட்டர் அதை 11 அங்குல நீர்மட்ட அளவுக்கு, அதாவது 0.4 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து ஃபர்னஸுக்கும் சுவர் ஹீட்டருக்கும் அனுப்புகிறது. குளிர் அதை இரண்டு விதமாக மடக்கும்.

உள்ளிருந்து வருவது ஒரு விதம். புரொப்பேன் தானாக உறைவதில்லை. அதில் கலந்த சிறு ஈரம்தான் உறைகிறது. வாயு குறுகிய துவாரத்தைத் தாண்டி விரிவடையும் இடத்தில் குளிர்ச்சி கூடும். அந்த இடத்தில் ஈரம் பனியாகி வழியை அடைக்கும். ஹீட்டர் எரிந்து, மங்கி, அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பற்றவைத்தால் எரிந்து, மறுபடி அணைவது இதன் அடையாளம். வெதுவெதுப்பான நீரை ரெகுலேட்டர் மேல் ஊற்றினால் இளகும். கொதிநீர் வேண்டாம், ஊற்றியதும் துணியால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த நீரே உறைந்து அடுத்த பிரச்சினையாகும். இது திரும்பத் திரும்ப வந்தால் சிலிண்டருக்குள் ஈரம் இருக்கிறது. வாயு நிரப்பும் இடத்தில் சொன்னால் மெத்தனால் சேர்த்துத் தருவார்கள்.

வெளியிலிருந்து வருவது இரண்டாவது, இதுதான் ஆபத்தானது. ரெகுலேட்டருக்குச் சின்ன மூச்சுத்துவாரம் ஒன்று உண்டு. உள்ளே உள்ள சவ்வு அசைவதற்கு அந்த வழியாகத்தான் காற்று போய்வர வேண்டும். ஏரி மேல் வண்டி இழுத்துவரும்போது தெறிக்கும் சேறும் பனியும் அதை மூடி உறைந்துவிட்டால் சவ்வு நின்ற இடத்திலேயே நின்றுவிடும், அழுத்தம் தாறுமாறாகும். சுடர் வழக்கத்தைவிட உயர்ந்து இரைந்தால் உடனே சிலிண்டரை மூடுங்கள். துவாரம் எப்போதும் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டால் இந்த வம்பு வராது.

மாற்று ரெகுலேட்டர் ஒன்றைக் குடிலுக்குள்ளேயே, வெதுவெதுப்பில் வைத்திருங்கள். ஏரிக்கு எடுத்துப்போகும் உதிரி பாகங்களில் முதலிடம் அதற்குத்தான் என்பேன். ரெகுலேட்டரின் திருகை மட்டும் திருப்பிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அளவுமானி இல்லாமல் அதைத் தொடுவது குருட்டு வைத்தியம்.

ஹோஸ்

கையடக்க ஹீட்டரைப் பெரிய சிலிண்டரோடு நீள ஹோஸ் போட்டு இணைப்பவர்கள் கவனிக்க. அந்த ஹோஸில் முழு அழுத்தத்தில் வாயு நிற்கும்போது ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பசை கரைந்து வாயுவோடு போய்ப் பைலட்டின் நுண்துளையை அடைக்கும். ஒன்றிரண்டு சீசனில் பைலட் மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே வரும். ஹோஸுக்கும் ஹீட்டருக்கும் நடுவே வடிகட்டி போடுங்கள், அல்லது எண்ணெய் விடாத ரக ஹோஸ் வாங்குங்கள். இரவு முடிந்ததும் சிலிண்டரை மூடி, ஹோஸில் உள்ளதை எரித்துத் தீர்த்துவிடுவதும் நல்ல பழக்கம்.

கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும், ஆனால் ஏரியில் அது தடவிய கணமே உறையும். கிளம்புவதற்கு முன் வீட்டில் பார்த்துவிடுங்கள், அல்லது குளிர் தாங்கும் கசிவுகாணித் திரவம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா கலந்த சோப்பு வேண்டாம். பித்தளை இணைப்புகளில் வெடிப்பு உண்டாக்கும்.

பைலட் நிற்க மாட்டேன் என்கிறது

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இது. குமிழை அழுத்திப் பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைந்துவிடுகிறது.

பைலட் சுடருக்குள் ஒரு சின்ன உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தெர்மோகப்பிள். அதன் நுனி சூடேறினால் 25 முதல் 30 மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகி, வால்வுக்குள் இருக்கும் ஒரு குட்டிக் காந்தத்தைப் பிடித்துவைக்கும். குளிர்ந்தால் காந்தம் விட்டுவிடும், வாயு நின்றுவிடும். குமிழை அழுத்தும்போது அந்தக் காந்தத்தின் வேலையை உங்கள் விரல் செய்கிறது, அவ்வளவுதான்.

உறைந்த உலோகம் சூடேற நேரம் பிடிக்கும். ஊரில் பத்து வினாடி போதுமென்றால் இங்கே முப்பது, நாற்பது வினாடி பிடித்திருங்கள். நுனி மங்கலான சிவப்பாக மாறுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு விரலை மெதுவாக எடுங்கள். சுடர் நின்றால் சரி. விட்டுச் சில வினாடியில் டக் என்று ஒரு சத்தம் கேட்டு அணைந்தால், காந்தம் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அப்போது சுடரைக் கவனியுங்கள். அது நீலமாக, நுனியின் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றிப் பிடித்து எரிகிறதா? அப்படி எரிந்தும் நிற்கவில்லையென்றால் தெர்மோகப்பிள் தேய்ந்துவிட்டது, அல்லது வால்வில் சேரும் இடத்தில் நட்டு தளர்ந்திருக்கிறது. கையால் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். நுனியில் கரி படிந்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். சுடரே சின்னதாக, நுனியை எட்டாமல் ஆடினால் பைலட் துளை அடைத்திருக்கிறது. கேனில் வரும் அழுத்தக் காற்றால் ஊதுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் சுடரின் அளவே மாறிப்போகும்.

கையடக்க ஹீட்டர்களில் இன்னொன்றும் உண்டு: ஆக்சிஜன் குறைவு உணரி. தனியாக எந்த மின்னணுச் சாதனமும் இல்லை, பைலட்டையே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். காற்றில் சாதாரணமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 18ஐ நெருங்கும்போது சுடர் துளையை விட்டு எழும்பி, தெர்மோகப்பிளை விட்டு விலகிவிடும். நுனி குளிரும், வாயு நிற்கும். ஆகவே ஒரு மணி நேரம் நன்றாக எரிந்து பிறகு அணைகிறது, கதவைத் திறந்து ஐந்து நிமிடம் கழித்துப் பற்றவைத்தால் மறுபடி ஒழுங்காக எரிகிறது என்றால், ஹீட்டருக்கு ஒன்றுமில்லை. காற்றோட்டம் போதவில்லை. கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு வையுங்கள். எத்தனை சதுர அங்குலம் என்பது உங்கள் ஹீட்டரின் கையேட்டிலேயே இருக்கும். சூடு வெளியே போகிறதே என்று துணியைச் சொருகி அடைப்பவர்களை ஏரியில் பார்க்கலாம். சூட்டைச் சேமிக்க அது வழியே இல்லை.

இந்த உணரியை ஏமாற்றுவதற்கான வழிமுறைகள் அங்கங்கே உலவுகின்றன. அவற்றை எழுதியவர் உங்கள் குடிலில் தூங்கப்போவதில்லை.

சாய்ந்தால் அணைக்கும் சுவிட்சும் இதே அறிகுறியைக் காட்டும். மேடு பள்ளமான பனியில் ஹீட்டரை வைத்திருந்தால் ஒரு பலகை போட்டுச் சமமாக்குங்கள். கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல் போனால் அடர்த்தி குறைந்த காற்றே இந்த உணரியைக் கிளப்பிவிடும். மினசோட்டாவில் இந்தக் கவலை இல்லை, கொலராடோவின் லெவன் மைல் மாதிரி உயரமான நீர்த்தேக்கங்களுக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

சுடரின் நிறம்

நீலம் நல்லது. சீசனின் முதல் நாள் தூசி எரிந்து அங்கங்கே ஆரஞ்சுப் பொறி பறந்தால் பரவாயில்லை. நிலையான மஞ்சள் சுடர், சுவரில் கரி, கண் எரிச்சல் என்றால் வாயு முழுமையாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அணைத்துவிடுங்கள். கோடை முழுக்கக் கொட்டகையில் கிடந்த ஹீட்டரில் இதற்கு வழக்கமான குற்றவாளி சிலந்தி. வாயுவோடு காற்று கலக்கும் குழலுக்குள் வலை பின்னி வைத்திருக்கும். குழலைக் கழற்றிப் பிரஷ்ஷால் துடைத்து ஊதினால் போதும். இதை அக்டோபரில் வீட்டில் செய்வது சுகம்.

ஃபர்னஸ்: காதைத் தீட்டுங்கள்

சக்கர வீட்டு ஃபர்னஸ் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் இயங்கும். எந்தச் சத்தத்தோடு நின்றுபோகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

1. தெர்மோஸ்டாட்டைக் கூட்டியும் ஒரு சத்தமும் இல்லை: தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, பிறகு ஃபியூஸ், பிறகு வீட்டின் பேட்டரி.

2. விசிறி ஓடுகிறது, ஆனால் டிக் டிக் என்ற பொறிச் சத்தம் வரவே இல்லை: விசிறிக் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளி சுவிட்சைப் போட்டால்தான் அடுத்த கட்டம். பேட்டரி சோர்ந்து விசிறி மெதுவாகச் சுற்றினால் தகடு நகராது. விசிறி ஓடும்போதே மல்ட்டிமீட்டரை வையுங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வேண்டாம். காற்று உள்ளிழுக்கும் ஜன்னலுக்கு முன்னால் யாராவது பையையோ பூட்ஸையோ வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தகட்டில் நாய் முடி சிக்கியிருப்பதும் சகஜம்.

3. பொறிச் சத்தம் வருகிறது, சுடர் பிடிக்கவில்லை: வாயு வரவில்லை. மேலே சொன்ன சிலிண்டர், ரெகுலேட்டர் பகுதிக்குத் திரும்புங்கள். சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும்; அதுவும் நொண்டினால் குற்றம் வெளியே.

4. சுடர் பிடித்துச் சில வினாடியில் அணைகிறது: சுடரை உணரும் கம்பியில் அழுக்கு, பூமி இணைப்பில் துரு, அல்லது வெளிச் சுவரில் உள்ள புகைவாய் பனியால் மூடியிருக்கிறது. குடிலை இறக்கிச் சுற்றிலும் பனியை அணைத்துக் காற்று புகாமல் அடைக்கும்போது புகைவாயையும் சேர்த்துப் புதைத்துவிடுவது வெகு சாதாரணமாக நடக்கும். ராத்திரி காற்று திசை மாறிப் பனி குவித்தாலும் இதே கதை. போய்ப் பாருங்கள், தோண்டிவிடுங்கள்.

மூன்று முறை முயன்று தோற்றால் பல ஃபர்னஸ்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அணைத்து, சில நிமிடம் விட்டு, மறுபடி கூட்டினால் பூட்டு விடும். காரணத்தைத் தேடாமல் இதையே திரும்பத் திரும்பச் செய்து கொண்டிருக்காதீர்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஈய அமில பேட்டரி மைனஸ் 18இல் தன் திறனில் ஏறக்குறைய பாதியை இழக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி குளிரில் கரண்டு தரும், ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. இரண்டையும் வீட்டுக்குள், கதகதப்பில் வைத்தால் பாதிப் புகார்கள் மறையும்.

ஈரம் செய்யும் குறும்பு

ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். வென்ட் இல்லாத ஹீட்டர் அதையெல்லாம் அறைக்குள்தான் விடும். 20 பவுண்டு சிலிண்டர் தீரும்போது ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீர் கூரையிலும் சுவரிலும் போர்வையிலும் படிந்திருக்கும். காலையில் கூரையிலிருந்து சொட்டுவது மீன் துளையின் ஆவி மட்டுமல்ல.

பொத்தானை அழுத்தினால் டக் டக் என்கிறது, பொறி வரவில்லை என்ற புகாருக்கும் இந்த ஈரம்தான் முதல் காரணம். பொறி நுனியிலும் வெள்ளைப் பீங்கானிலும் ஈரம் படிந்து பொறி வேறு வழியில் போய்விடும். துணியால் துடைத்து உலர்த்துங்கள். இடைவெளி மூன்று மில்லிமீட்டரையொட்டி இருக்கவேண்டும். வளைந்திருந்தால் மெதுவாகச் சரிசெய்யலாம். அதுவரை நீளமூக்கு லைட்டரால் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடக்கூடாது, எப்போது கிளம்பவேண்டும்

வாயு வால்வின் உடலைப் பிரிப்பதும், ஃபர்னஸின் சர்க்யூட் போர்டைக் குறுக்குக் கம்பி போட்டு ஓட்டுவதும் ஏரியில் செய்கிற வேலை இல்லை. வெப்பக் கலம் விரிசல் விட்டிருந்தாலோ, கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ அன்றைக்கு மீன்பிடிப்பு முடிந்தது. பக்கத்துக் குடிலில் கதவைத் தட்டுங்கள், அல்லது வண்டியைக் கிளப்புங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து சூடு காய்வதென்றால் புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிளம்பும்போது அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு. சிலிண்டர் வால்வை முதலில் மூடி, ஹோஸில் மிஞ்சிய வாயுவில் ஹீட்டர் எரிந்து தானாக அணையட்டும். அப்புறம் ஹீட்டர் குமிழை மூடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பாதுகாப்புத் தடை மறுபடி விழும். இணைப்பின் வாயில் பிளாஸ்டிக் மூடியைத் திருகுங்கள். உள்ளே ஒரு பனித்துகள் புகுந்தாலும் அடுத்த வாரம் ரெகுலேட்டரில் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். சிலிண்டரை நிமிர்த்திப் பட்டையால் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.